பூட்டில்லாத பதின்மூன்றாவது மடை

முப்பத்து நான்கு வருஷம் புத்தகம் சுமந்த ஒரு மனிதன் தன் கையால் ஒரே ஒரு தடவைதான் ஒரு புத்தகத்தைத் திறந்தான் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். லிபோரியோ நொகேரோ அப்படிப்பட்ட ஆள். மத்ரித்தில் இருக்கும் ஒரு பெரிய நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் அறையில் சாம்பல் நிற மேலங்கி போட்ட ஊழியன். வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் வைப்பான். "உனக்குத் தூக்கத்தான் சம்பளம், படிக்க இல்லை" என்று முதல் நாளே மேலதிகாரி சொன்னார். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தப் பேச்சை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டார்கள். இவன் மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

இப்போது ஓய்வுபெற்று, ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் லிபோரியோவிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், நூலகத்தைப் பற்றிச் சொல்லமாட்டான். ஏழாம் நம்பர் இருக்கையையும் பத்தொன்பதாம் நம்பர் இருக்கையையும் பற்றித்தான் சொல்வான். அந்த இரண்டு இருக்கைக்கும் நடுவில் நடந்து நடந்தே அவன் செருப்பு தேய்ந்தது. அவன் வாழ்க்கையின் நல்ல பகுதியும் அங்கேதான் போயிற்று.

சண்டை ஒரு புத்தகத்துக்காக. ஐந்து தொகுதி, ஆட்டுத்தோல் அட்டை, நானூறு வருஷத்துக்கு முந்தியது. கிணறு தோண்டுவது எப்படி, பாலம் கட்டுவது எப்படி, ஆலைச் சக்கரத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது, ஓர் ஊர் வாய்க்காலை எப்படிப் பங்கு போடுவது என்று ஆயிரம் பக்கத்துக்கு எழுதிப் படமும் வரைந்து வைத்திருக்கிறான் ஒரு புண்ணியவான். தன் பெயரை மட்டும் எழுதவில்லை. முதல் ஏட்டில் ஒரு பெயர் இருக்கிறது, உண்மைதான். லொம்பார்தியாவிலிருந்து வந்து ராஜாவுக்குக் கடிகாரம் செய்து கொடுத்த பத்திஸ்தா என்பவன் பெயர். அதை எழுதியது வேறு கை. யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வம்பெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ஏழாம் நம்பரில் எவரிஸ்தோ வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. வழுக்கைத் தலை, எப்போதும் ஒரே பழுப்புக் கோட்டு. எழுதியது கடிகாரக்காரன்தான் என்று நிரூபிக்க ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ஆரம்பித்தது.

பத்தொன்பதாம் நம்பரில் எங்ராசியா அம்மாள். சரகோசா நகரத்து ஆவணக் காப்பகத்தில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிரிலும், லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்து மூன்று வாரம் உட்காருவார். எழுதியவன் சரகோசா இருக்கும் அரகோன் நாட்டுக்காரன், வாய்க்கால் தண்ணீரில் காலை நனைத்தவன் என்பது அவர் கட்சி. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததில்லை. நேருக்கு நேர் பேசியதில்லை. இருவருக்கும் வேண்டியது நான்காம் தொகுதி. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தானே கொடுக்க முடியும்? காலையில் ஏழாம் நம்பர், மத்தியானம் பத்தொன்பது என்று லிபோரியோவே ஒரு முறை வைத்தான். அவன் ஊர்க்காரர்கள் அப்படித்தான். எதையும் முறை போட்டுத்தான் பங்கிடுவார்கள்.

தொகுதி போகும்போது கூடவே செய்தியும் போகும்.

"லிபோரியோ, அந்த சரகோசா அம்மாகிட்ட போய்ச் சொல்லு. முதல் ஏட்டு மை நூறு வருஷம் பிந்தினதுன்னா, என் தலைமுடியும் நூறு வருஷம் பிந்தினதுதான்னு சொல்லு."

"உங்களுக்குத் தலையில முடியே இல்லையே ஐயா."

"அதையும் சேர்த்துச் சொல்லு!"

பத்தொன்பதிலிருந்து பதில் வரும். "அந்த வழுக்கைகிட்ட சொல்லுப்பா. கடிகாரக்காரன் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவன். அவனா வாய்க்கால் வெட்டச் சொல்லித் தரப் போறான்? முதல்ல இவருக்குத் தெரியுமான்னு கேளு."

லிபோரியோ கேட்டதில் பாதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பான். காரமான பாதியை நடுவழியில் விழுங்கிவிடுவான். "அம்மா உங்களை விசாரிச்சாங்க ஐயா" என்பான். வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? "விசாரிச்சாளாம்! அவ நாக்கில அரைப்படி மிளகு இருக்கு, நீ தேன் தடவிக் கொண்டுவந்து வைக்கிறே" என்பார். ஆனால் சந்தோஷமாகத்தான் இருப்பார். அந்த அம்மாள் ஊருக்குப் போய்விட்டால் அடுத்த நாள் வாத்தியார் முகம் தொங்கிவிடும். "எப்ப வருவா? அக்டோபரா? அதுக்குள்ள என்ன புதுப் பொய் கண்டுபிடிப்பாளோ" என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பார்.

தினமும் பதினொரு மணிக்கு எதிர்த்தெருவில் காப்பியும் விற்கிற மதுக்கடையில் வாத்தியாரும் லிபோரியோவும் நின்றபடி பால் காப்பி குடிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் லிபோரியோவின் மனைவி ருஃபினா ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு முட்டை அடை வைத்து இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பாள். ஒன்று வாத்தியாருக்கு. "கடிகாரக்காரரே, உங்க பங்கு" என்று கொடுப்பான். அவரும் அந்தப் பட்டப்பெயரைப் பதக்கம் மாதிரி வாங்கிக்கொள்வார்.

இப்படியே பதினாறு வருஷம் ஓடியது. இதைவிட நல்ல காலம் ஒரு மனிதனுக்கு வேண்டுமா? லிபோரியோவைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் நவம்பரில் வாத்தியாருக்குக் கண்புரை முற்றிவிட்டது. கடைசி அத்தியாயம் எழுதுகிறார்; பதிப்பகம் வசந்தத்தில் அச்சிடுவதாக ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஒரு படத்தில் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும், கண் தெரியவில்லை.

"லிபோரியோ, இங்க வா. இதை எண்ணிச் சொல்லு."

"நான் திறக்கக் கூடாதுங்க ஐயா."

"திறந்தது நான்தானே? நீ பாக்கிறே, அவ்வளவுதான். பாக்கிறதுக்குமா உன் மேலதிகாரி சட்டம் போட்டாரு?"

லிபோரியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். ஒரு ஆறு. ஆற்றில் கல்லணை. அணையிலிருந்து ஒரு வாய்க்கால், முழங்கையை மடக்கிய மாதிரி ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் வரிசையாக மடைகள். ஒவ்வொரு மடைப் பலகைக்கும் இரும்பு வளையம், வளையத்தில் பூட்டு, பக்கத்தில் ஒரு வீட்டுப் பெயர். எண்ணிக்கொண்டே வந்தான். பன்னிரண்டு. அதற்கப்புறம் ஒரு நெட்டிலிங்க மரத்துக்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று. பெயர் இல்லை. பூட்டு இல்லை. மடைக்கு முன்னால் கால் வைத்து நிற்க ஒரு தட்டைக் கல்.

"ஐயோ அம்மா" என்றான் வாய்விட்டு. பக்கத்து இருக்கைக்காரர் நிமிர்ந்து உஷ்ஷென்றார்.

அது அவன் ஊர். அரகோனில் இருக்கும் அர்கிசா. அந்த வளைவும் அந்தக் கல்லும் அவனுக்கு எழுத்தைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கல்லின் மேல் அவன் அம்மா நின்றதைப் பார்த்திருக்கிறான்.

அப்பா கல் உடைக்கும் இடத்தில் பாறை சரிந்து விழுந்து செத்த வருஷம். இவனுக்கு ஒன்பது வயது, தங்கச்சி பெனிதா கைக்குழந்தை. ஊரில் தண்ணீர் முறை பன்னிரண்டு வீட்டுக்குத்தான். இவர்கள் வீடு அதில் கிடையாது. கையகல நிலத்தில் போட்ட அவரைச் செடி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, மாலைக் கோயில் மணி அடித்ததும், அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இவனையும் கூட்டிக்கொண்டு பதின்மூன்றாவது மடைக்குப் போய்ப் பலகையைக் கையாலேயே தூக்கினாள். போகும் வழியில் வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"இது யாரு தண்ணிம்மா?"

"செத்தவங்க தண்ணி. எந்த வீட்ல இந்த வருஷம் சாவு விழுந்துச்சோ அவங்க திறந்துக்கலாம். யாரு, எவருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீயும் யாரையும் கேக்காதே."

அந்த மடைக்குப் பூட்டு போடுவதில்லை. அதற்கு ஊர்ப் புத்தகத்தில் பதிவு இல்லை. ஒருத்தரும் அதில் திருடுவதில்லை. மற்ற பன்னிரண்டு மடையில் தண்ணீர் திருட்டுக்காகத் தலை உடைந்திருக்கிறது. இதில் ஒரு குடம் குறைந்ததில்லை. அந்த வருஷம் அவரைக்காய்தான் அவர்கள் மூன்று பேரையும் உயிரோடு வைத்தது.

"என்னப்பா, எண்ணினியா?" என்றார் வாத்தியார்.

"எண்ணினேன் ஐயா. மடை பதிமூணு, பேரு பன்னெண்டு. கடைசிக்குப் பேரும் இல்ல, பூட்டும் இல்ல."

"அப்படிப் போடு!" வாத்தியார் மேஜையைத் தட்டினார். காப்பி குடிக்கப் போனபோது அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இதுதான்டா என் புத்தகத்தோட முதுகெலும்பு. நீயே சொல்லு. விவசாயிகளோட ஒரு நாள் பழகினவன் எவனாவது பூட்டில்லாத மடை வரைவானா? தண்ணிக்காகக் கொலை விழற நாட்டில? வரைய மாட்டான். அரண்மனையில மெத்தையில உக்காந்து கடிகாரம் பண்ணினவன் வரைவான். அவனுக்குத் திருட்டுன்னா என்னன்னே தெரியாது. பன்னெண்டு மடை, பன்னெண்டு மணி! பதிமூணாவது மிச்சத் தண்ணி போற வழி, அதுக்கு எதுக்குப் பூட்டு? அந்த அம்மா பதினாறு வருஷமா இதுக்கு ஒரே பதில்தான் வெச்சிருக்கா, 'சித்திரக்காரன் பூட்டு போட மறந்துட்டான்'னு. மறந்துட்டானாம்!"

சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லிபோரியோவும் சிரித்தான். என்ன செய்வான்? எழுதியவன் எவனோ, அந்தக் கல்லில் நின்றிருக்கிறான். அர்கிசாவில் ஒரு சனிக்கிழமையைப் பார்த்திருக்கிறான். பார்க்காதவன் அந்த மடையை அப்படி வரைந்திருக்க முடியாது. அது தெரிந்தவன் மத்ரித் நகரத்திலேயே ஒருத்தன்தான். அவன் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் லிபோரியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் வாத்தியாருடைய பதினாறு வருஷம் தரைமட்டம். கண்ணும் போய், மனைவியும் போய், அந்தப் புத்தகம் ஒன்றுதான் அவரைக் காலையில் எழுப்பி முகம் கழுவ வைக்கிறது. சொல்லாவிட்டால், அந்தக் கல்லில் நின்ற மனிதனின் உழைப்பை ஒரு கடிகாரக்காரன் பேரில் பட்டயம் எழுதிக் கொடுத்த பாவம் லிபோரியோ தலையில். வேறு யாராவது என்றைக்காவது அர்கிசாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாத்தியாரை ஊர் சிரிக்க வைத்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு.

ருஃபினா ஒரு நாள் கொண்டைக்கடலைக் குழம்புத் தட்டை அவன் முன்னால் டம்மென்று வைத்தாள். "ஏ மனுஷா, நாலு நூற்றாண்டுக்கு முன்னால செத்தவன் வழக்கை எல்லாம் உன் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டா குழம்பு எங்க போகும்? சொல்றதுன்னா சொல்லித் தொலை. இல்லன்னா தின்னுட்டு வாயை மூடு. ரெண்டும் இல்லாம என் முகத்தை ஏன் பாக்கிறே?"

மார்ச்சில் எங்ராசியா அம்மாள் வந்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லை. இரண்டாம் நாள், தொகுதியைத் திரும்ப வாங்கப் போனபோது, "இதுதான் கடைசி, லிபோரியோ. இனிமே வரமாட்டேன்" என்றார்.

"ஏம்மா?"

"அந்தப் பூட்டுக்கு என்கிட்ட பதில் இல்ல. சித்திரக்காரன் மறந்துட்டான், மறந்துட்டான்னு எத்தனை வருஷம்தான் சொல்றது? எனக்கே வெக்கமா இருக்கு. அந்த வழுக்கை ஜெயிச்சாச்சு. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன், உன் பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கே. நீ எந்த ஊருப்பா?"

லிபோரியோவின் நாக்கு பாழாய்ப் போக. "பர்பாஸ்த்ரோ பக்கம்மா" என்றான். பர்பாஸ்த்ரோவுக்கும் அர்கிசாவுக்கும் ஒரு நாள் நடை. பிறந்த ஊரை அவன் மறைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருந்தது. அவமானம் தாங்கவில்லை.

யாரிடம் சொல்வது என்று அப்புறம் அவன் யோசிக்கவில்லை. அம்மாளிடம் சொன்னால் அது கோள். குத்துவதானால் முகத்துக்கு நேராகக் குத்த வேண்டும். மறுநாள் பதினொரு மணிக்கு, மதுக்கடையில் காப்பி வந்ததும், "ஐயா, எங்க ஊர் வாய்க்காலைப் பத்திச் சொல்லட்டுமா" என்று ஆரம்பித்து, அப்பா செத்த வருஷத்தையும், அம்மா நின்ற கல்லையும், சாத்திய ஜன்னல்களையும், அவரைக்காயையும் சொன்னான். மடை எத்தனை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. கோப்பையை வைத்தார்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"நவம்பர்லேருந்துங்க."

"நவம்பர்லேருந்து. நாலு மாசமா என் பக்கத்தில நின்னு காப்பி குடிச்சிருக்கே. நான் பேசினதுக்கெல்லாம் சிரிச்சிருக்கே."

"ஐயா..."

"யாருடா உன்னைக் கேட்டா? எண்ணத்தானே சொன்னேன்? எண்ணிட்டுப் போக வேண்டியதுதானே!"

கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைத் தடவித் தடவிக் கடந்து போனார். நூலகத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை லிபோரியோ பொட்டலத்தோடு வாத்தியார் வீட்டுக்குப் போனான். கதவு திறக்கவில்லை. கீழே வாசல் காவல்காரி கைவேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரா? பெட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போனாரு. எங்கேன்னு சொல்லல. வணக்கம்கூடச் சொல்லல, எப்பவும் சொல்ற மனுஷன்."

இருபத்திரண்டு நாள். அதற்குள் எங்ராசியா அம்மாளும் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஏழாம் நம்பர் இருக்கையை வேறு யாருக்கும் கொடுக்காமல், "மேஜைக் கால் ஆடுது" என்று பொய் சொல்லி வைத்திருந்தான் லிபோரியோ. ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கீழே எட்டிப் பார்ப்பான். கண் தெரியாத கிழவர், வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கியாயிற்று, எதுவும் செய்துகொள்ளலாம். ருஃபினாகூட வாய் திறக்கவில்லை. அவள் வாய் மூடியிருந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, கதவைத் தள்ளிக்கொண்டு பழுப்புக் கோட்டு உள்ளே வந்தது. செருப்பெல்லாம் சேறு. நேராக லிபோரியோவிடம் வந்து, அறைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"உங்க ஊர்க்காரங்க மனுஷங்களாடா? கல்லு! பத்து நாள் இருந்தேன். ஒருத்தன் வாய் திறக்கல. 'இந்த மடைக்கு ஏன் பூட்டில்ல'ன்னா 'தெரியாதுங்க'ங்கிறான். 'யாரு பங்கு'ன்னா 'மழை வரும் போல இருக்கு'ங்கிறான்!"

"அர்கிசாவுக்கா போனீங்க ஐயா? இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா?"

"கண்ணு எதுக்கு? கை இருக்கே. பன்னெண்டு பலகையையும் தடவினேன், பன்னெண்டுலயும் வளையம் இருக்கு. பதிமூணாவதுல இல்ல. வளையம் இருந்த தழும்புகூட இல்ல. அந்தக் கல்லு மேல ஏறி நின்னேன். நின்னு பலகையில கை வெச்சேன் பாரு, எங்கேருந்தோ ஒரு கிழவி வந்து நின்னா. 'உன் வீட்ல இந்த வருஷம் சாவு உண்டா?'ன்னா. இல்லன்னேன். 'அப்ப கையை எடு'ன்னா."

வாத்தியார் குரலை இறக்கினார். "எடுத்துட்டேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, நான் தோத்துட்டேன்னு. பதிப்பகத்துக்கு எழுதிட்டேன், புத்தகத்தை நிறுத்தச் சொல்லி. முதுகெலும்பை உருவினா என்ன இருக்கு, வெறும் சதை. நீ இப்ப தபாலாபீஸ் போய் அந்த சரகோசா அம்மாவுக்கு ஒரு தந்தி அடி."

"என்னன்னுங்க?"

"'சித்திரக்காரன் மறக்கவில்லை. உடனே வரவும். வழுக்கை.' அப்படியே அடி. தேன் தடவாதே!"

எங்ராசியா அம்மாள் இரண்டாம் நாளே வந்து இறங்கினார். பத்தொன்பதாம் நம்பருக்குப் போகவில்லை. கைப்பையோடு ஏழாம் நம்பர் முன்னால் வந்து நின்றார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். வாத்தியார் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், ஒன்று விடாமல். அம்மாளின் முகத்தில் வெற்றி எதுவும் வரவில்லை. கைக்குட்டையைத் தேடினார்.

"அப்ப நானும் தப்புத்தான்" என்றார். "பதினாறு வருஷமா அந்த ஆளை மறதிக்காரன்னு திட்டிக்கிட்டிருந்தேனே. நம்ம பக்கத்து ஆளை!" பிறகு லிபோரியோவைப் பார்த்து, "பர்பாஸ்த்ரோவாம், பர்பாஸ்த்ரோ! பொய் சொல்றதுக்கு நல்ல ஊராப் பாத்தே!" என்று அவன் காதைப் பிடித்துத் திருகினார். லிபோரியோவுக்கு வயது நாற்பத்தெட்டு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவனுக்கு.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷம்தான் லிபோரியோ இன்றைக்கும் ஆரஞ்சு உரிக்கும்போது நினைத்து நினைத்துச் சிரிக்கிற வருஷங்கள். அம்மாள் ஓய்வுபெற்று மத்ரித்திலேயே இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். இருவரும் ஒரே மேஜை. அம்மாள் படிப்பார், வாத்தியார் கேட்பார். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. அர்கிசாவில் எழுதியவன் யார் என்று புதுச் சண்டை. கோயில் சாமியார்தான் என்று அம்மாள், அணை கட்டிய கொத்தனார்தான் என்று வாத்தியார். செய்தி கொண்டுபோகிற வேலை போய்விட்டதே என்று லிபோரியோவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. வெள்ளிக்கிழமைப் பொட்டலம் மூன்றானது.

அந்த மனிதன் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. நூலகத்துப் பட்டியல் அட்டையில் கடிகாரக்காரன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி ஏறியது, அவ்வளவுதான். உலகத்துக்கு நிரூபித்திருக்கலாம். இருவரும் சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். அச்சுக்குப் போகும் முன் வாத்தியார் அதை லிபோரியோவுக்குப் படித்துக் காட்டும்படி அம்மாளிடம் சொன்னார். கேட்டுவிட்டு லிபோரியோ மேலங்கிப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"ஐயா, அந்தத் தண்ணி யாருக்குன்னு எழுதாதீங்க. எழுதினா அதிகாரி எவனாவது படிப்பான். 'ஆளில்லாத பங்கு ஒண்ணு இருக்கா'ன்னு வருவான். வந்து பேரு எழுதிப் பூட்டும் போட்டுட்டுப் போயிடுவான்."

அந்தப் பத்தி இல்லாவிட்டால் கட்டுரையில் உயிரே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வாத்தியார்தான் பென்சிலை எடுக்கச் சொன்னார். அம்மாள் அந்தப் பத்தியை அடித்தார். "அந்த ஊரில் இன்றும் அந்த மடைக்குப் பூட்டு இல்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நின்றது. அதைப் படித்த பெரிய மனிதர்கள், இதெல்லாம் ஒரு ஆதாரமா என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இன்றைக்கும் பிதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வழக்கு அப்படியே கிடக்கிறது. இங்கே மட்டும் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அர்கிசா என்பது அந்த ஊரின் உண்மையான பெயர் இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில் எவரிஸ்தோ வாத்தியார் மார்ச்சளி கண்டு நான்கே நாளில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு எங்ராசியா அம்மாள், லிபோரியோ, ருஃபினா, வாசல் காவல்காரி, பழைய மாணவர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் கூட்டம். அழுவதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை. அம்மாள் குழிக்குள் பார்த்து, "கொத்தனாருமில்ல ஒண்ணுமில்ல, சாமியார்தான்யா" என்று கடைசியாக ஒரு சண்டை போட்டுவிட்டு அழுதார்.

வியாழக்கிழமை லிபோரியோ தந்தி ஆபீஸுக்குப் போய் ஊருக்கு ஃபோன் போட்டான். அர்கிசாவில் கடையில் ஒரே ஒரு ஃபோன். தங்கச்சி பெனிதாவைக் கூப்பிட்டு வர ஆள் போய், அவள் மூச்சு வாங்க வந்து எடுத்தாள்.

"என்னண்ணே, என்ன ஆச்சு? அண்ணி நல்லாருக்கா?"

"நல்லாருக்கா. பெனிதா, இந்தச் சனிக்கிழமை எனக்காகப் பதிமூணாவதைத் திறப்பியா?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ தராசில் எடை போடும் சத்தம் கேட்டது.

"உன் வீட்ல சாவு உண்டாண்ணே?"

"உண்டு."

யாரென்று அவள் கேட்கவில்லை. சொந்தத் தங்கச்சி, அண்ணன் வீட்டுச் சாவு, அண்ணியும் நன்றாக இருக்கிறாள் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறாள். இருந்தும் கேட்கவில்லை.

"சரி, திறக்கிறேன். எதுக்குப் பாய்ச்சட்டும்? பிப்ரவரியில வயல்ல என்ன இருக்கு, உறைஞ்ச மண்ணுதான்."

"எதுக்கும் வேண்டாம். சும்மா ஓட விடு. அவர் ஒரு தடவை கை வெச்சுட்டுத் திறக்காம வந்துட்டாரு."

சனிக்கிழமை சாயங்காலம் எங்ராசியா அம்மாள் நான்காம் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அறை காலியாகிவிட்டது. லிபோரியோ அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய், அலமாரிக்கு முன்னால் நின்றான். வெளியே ஏதோ ஒரு கோயிலில் மாலை மணி அடித்தது. மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்து இருபத்தோரு வருஷம் கழித்து, முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், தன் கையாலேயே அட்டையைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தான். பெனிதா கல் மேல் ஏறிப் பலகையைத் தூக்குகிற நேரம். பதின்மூன்றாவது மடையைப் பார்த்துவிட்டு, ஏட்டில் ஒரு சொட்டு விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதான்.